உறுமியும் தப்பும் நம்ம மலைக்கு வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு இது. ஒரு தேத்தண்ணி கலக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்து படிங்க.

வர்ற திருவிழாவுல ரதத்துக்கு முன்னால நம்ம பசங்களோட மேளக்குழு போகலாமா, இல்ல லாரியில ஒலிபெருக்கி கட்டி பக்திப் பாட்டு போட்டா போதுமான்னு அடுத்த கூட்டத்துல முடிவு பண்ணப் போறாங்க. சில பேர் நேராவே சொல்லிட்டாங்க, "உறுமி மேளம் நம்ம பாரம்பரியம் இல்ல, நாதஸ்வரம் தவிலுதான் கோயிலுக்கு உரியது"ன்னு. இன்னும் சில பேர் மெதுவா காதுல சொன்னாங்க, "தப்பு சாவு மேளம், சாமிக்கு முன்னால ஆகாது"ன்னு. யார் மேலயும் எங்களுக்குக் கோபம் இல்ல. ஆனா முடிவு எடுக்கிறதுக்கு முன்னால இந்த மேளம் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு எடுத்தா நல்லாயிருக்கும். நாங்க பெரிய படிப்பு படிச்சவங்க இல்ல, ஃபேக்டரியில வேலை பாக்கிறவங்க. வாசிச்சதையும் பெரியவங்ககிட்ட கேட்டதையும் வச்சு எழுதுறோம்.

முதல்ல பாரம்பரியம். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை இதோட சேர்த்து பறையையும் வச்சிருக்கு. ஒரு நிலம்னு இருந்தா அதுக்கு ஒரு தெய்வம் இருக்கிற மாதிரி ஒரு பறையும் இருக்கணும்னு அந்தக் காலத்து ஆள் நினைச்சிருக்கார். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. குறிஞ்சிக்குத் தெய்வம் முருகன், பறை தொண்டகப் பறை. தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல 1,400 மீட்டருக்கும் அதிகமான உயரத்துல இருக்கு. இது குறிஞ்சி இல்லன்னா வேற எது குறிஞ்சி?

நக்கீரர் பாடின திருமுருகாற்றுப்படையை நம்மள்ல நிறைய பேர் சஷ்டிக்குப் பாராயணம் பண்றோம். அதுல குன்றுதோறாடல் பகுதியை நிதானமாப் படிச்சுப் பாருங்க. மலைவாசி ஜனங்க சின்னப் பறையை அடிச்சுக்கிட்டு குரவை ஆடுறாங்க, அங்க முருகன் வந்து நிக்கிறார். அந்த இடத்துல கோபுரமோ கருவறையோ கிடையாது. மலை, ஜனங்க, பறை, முருகன், அவ்வளவுதான்.

அதனால "பாரம்பரியம் இல்ல"ங்கிற பேச்சு செல்லாது. பாரம்பரியத்துல எந்தப் பகுதியை வச்சுக்கிட்டு எதை வாசலுக்கு வெளிய நிறுத்தினோம்னுதான் கேக்கணும். அதைக் கேட்டா சாதி வரும். வராம இருக்காது.

பெரிய புராணத்துல நந்தனார் கதை நம்ம கோயில்லயே எத்தனையோ சொற்பொழிவுல கேட்டிருக்கோம். சிதம்பரத்துக்கு நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்னு ஏங்கினதால திருநாளைப் போவார்னு பேர். அவர் செஞ்ச திருப்பணி என்னன்னு கேட்டா பல பேருக்கு உடனே சொல்ல வராது. சிவன் கோயில்கள்ல இருந்த பேரிகை மாதிரி முழக்குற கருவிகளுக்குப் போர்த்துற தோலும், இழுத்துக் கட்டுற வாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். பூசைக்கு கோரோசனையும் கொடுத்தார். சேக்கிழார் இதைத் தெளிவாச் சொல்லியிருக்கார். அவர் கொடுத்த தோல் உள்ள போச்சு, சாமி முன்னால முழங்குச்சு. அவர் மட்டும் வெளிய நின்னார். அறுபத்துமூவர் பூசையில நந்தனாருக்கு மாலை போட்டுட்டு, அவர் தோல் கொடுத்த கருவியை வாசல்லயே நிறுத்துறது எந்த நியாயம்னு எங்களுக்குப் புரியல.

தப்பு சாவுக்கு அடிக்கப்பட்டது உண்மை. பறையடிக்கிறது ஒரு சாதிக்கு விதிக்கப்பட்ட ஊழியமா இருந்துச்சு. செத்த வீட்டுக்கு வா, செத்த மாட்டைத் தூக்கு, ஊர்ச் சேதியைத் தட்டிச் சொல்லுன்னு. கூலி கேக்க முடியாது, மறுக்கவும் முடியாது. அதனாலேயே தமிழ்நாட்டுல பல ஊர்ல அந்த மக்களே "இனி நாங்க பறையைத் தொட மாட்டோம்"னு போட்டுட்டு எழுந்தாங்க. அது அவமானத்தை எதிர்த்து செஞ்சது. அப்புறம் 1990-கள்ல அவங்க பிள்ளைகளே அதே பறையைக் கலையா எடுத்து மேடையில ஏத்தினாங்க. திண்டுக்கல்ல சக்தி கலைக்குழுன்னு பொம்பளப் பிள்ளைங்க பறை எடுத்து ஆடுற குழு உலகம் பூரா போய் வந்துச்சு. மதுரைப் பக்கத்து பறை ஆசான் வேலு ஆசானுக்கு 2025-ல இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்துச்சு. அங்க மாலை போட்டுக் கூப்பிடுறாங்க. இங்க நாம இன்னும் காதுல குசுகுசுன்னு பேசிக்கிட்டு இருக்கோம்.

சரி, இது மலாயாவுக்கு எப்படி வந்துச்சு? கப்பல்ல வந்த நம்ம ஆளுங்களோடதான். ஒப்பந்தக் கூலி முறை 1910-ல முடிஞ்சப்புறம் கங்காணி முறையில ஊர் ஊரா ஆள் கூட்டிட்டு வந்தாங்க. ஒரே கிராமத்து ஆளுங்க ஒரே தோட்டத்துக்கு வந்ததால அவங்க காவல் தெய்வமும் கூடவே வந்துச்சு. லயத்துக்கு ஓரமா ஒரு மாரியம்மன், எல்லையில ஒரு முனியாண்டி. அந்தச் சாமிகளுக்கு ஆகமம் தெரிஞ்ச குருக்கள் கிடையாது. பூசாரி நம்மள்ல ஒருத்தர், மேளம் நம்ம மேளம். உடுக்கை, பம்பை, தப்பு, உறுமி. சாமி அழைக்கிறது, கரகம் எடுக்கிறது, தீ மிதிக்கிறது எல்லாம் அதுக்குத்தான் நடந்துச்சு.

நம்ம கேமரன் மலை இதுல கடைசியா வந்த பிள்ளை. வில்லியம் கேமரன்ங்கிற நில அளவையாளர் இந்தப் பீடபூமியைப் பத்திச் சொன்னது 1885-ல. அதுக்கப்புறம் நாப்பது வருஷம் காடாவே கிடந்துச்சு. போ தேயிலைத் தோட்டம் 1929-ல ஜே. ஏ. ரஸ்ஸல் ஆரம்பிச்சது. இலங்கையில தேயிலை அனுபவம் இருந்த மில்னேங்கிற துரையை அவர் கூடச் சேர்த்துக்கிட்டார். தாப்பாவிலிருந்து மேல வர்ற ரோடு அந்த நேரத்துலதான் முடிஞ்சுது. இந்தச் சரிவுகளைக் காடு வெட்டி, படி வெட்டி, செடி நட்டது யார் கைன்னு நாங்க சொல்லணுமா? சில கோவேறு கழுதை, ஒரு ஸ்டீம் ரோலர்னு கம்பெனி வரலாறு சொல்லும். மீதி எல்லாம் மனுஷக் கை. 1938-ல இந்திய அரசாங்கம் உதவிப் பணத்துல கூலி அனுப்புறதை நிறுத்திடுச்சு. ஆக இந்த மலைக்கு நம்ம ஆளுங்க வந்து சேர்ந்த காலம் ரொம்பக் குறுகலான காலம். பத்து வருஷத்துக்குள்ள வந்த ஜனங்க, அவங்க கொண்டு வந்த நாலு மேளம்.

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துல விடியக்காலையில தப்படிச்சுதான் ஆளை எழுப்புவாங்க. வரிசையா நிக்க வச்சு வேலை பிரிக்கிறதுக்குப் பேர் பிரட்டு. இங்கயும் நம்ம தாத்தா பாட்டிங்க பெரட்டுன்னுதான் சொல்லுவாங்க. அது வெள்ளைக்காரன் சொன்ன 'பரேட்'. ஆக நம்ம ஜனங்க மேளத்துக்கு நடை போட்ட கதையும் தோட்டத்துல ரெண்டு விதமா இருக்கு. காலையில துரைக்காக ஒரு நடை, ஆடி மாசத்துல அம்மனுக்காக ஒரு நடை.

மூணாவதா இன்னொரு நடையும் இருந்துச்சு. நம்ம இளைஞர்கள்ல பாதிப் பேருக்கு அது தெரியாது, நாங்களும் வயசானப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டோம். ஜப்பான்காரன் காலத்துல, 1943-ல நேதாஜி வந்தப்புறம், தோட்டத்துப் பையன்களும் பொண்ணுங்களும் இந்திய தேசிய ராணுவத்துல சேர்ந்து அணிவகுப்புப் பழகினாங்க. ஜான்சி ராணிப் படையில தோட்டத்துத் தமிழ்ப் பொண்ணுங்க நிறைய பேர். அதுவரைக்கும் குனிஞ்சு நடந்த ஜனம் நிமிர்ந்து நடக்கப் பழகினது அப்பதான். யுத்தம் முடிஞ்சு 1946-ல கெடாவுல, பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்துல, ஏ. எம். சாமிங்கிறவர் தலைமையில தொண்டர் படைன்னு ஒண்ணு கிளம்புச்சு. தோட்டத்து இளைஞர்கள் சீருடை போட்டு, அணிவகுத்துப் பயிற்சி எடுத்து, கள்ளுக்கடையை மூடச் சொல்லி மறியல் பண்ணாங்க. சாயங்காலம் கள்ளுக்கடையில கிடந்த ஆளை வீட்டுக்கு அனுப்பினாங்க. 1947-ல போலீஸ் அதை அடிச்சு நொறுக்கிடுச்சு. தலைவரைப் பிடிச்சாங்க, உயிரும் போச்சு.

இதை ஏன் இங்க சொல்றோம்னா, நம்ம இளைஞர்கள் ஒண்ணாச் சேர்ந்து ஒரே தாளத்துல நடந்தா மேல இருக்கிறவங்களுக்கு எப்பவுமே ஒரு பயம். அன்னைக்கு வெள்ளைக்காரன் பயந்தான். இன்னைக்கு நம்ம ஆளுங்களே பயப்படுறாங்க.

1969-க்கு அப்புறம் குடியுரிமை இல்லாதவங்களுக்கு வேலை பெர்மிட் சட்டம் வந்து ஆயிரக்கணக்கான பேர் இந்தியாவுக்குத் திரும்பிட்டாங்க. அதுல மேளம் தெரிஞ்ச பெரியவங்களும் போனாங்கன்னு நம்ம வீட்டுல சொல்லக் கேட்டிருக்கோம். கித்தாத் தோட்டம் எல்லாம் துண்டாடப்பட்டு, அப்புறம் செம்பனை, அப்புறம் வீடமைப்புத் திட்டம்னு ஆகி ஜனங்க பட்டணத்துக்குப் போனாங்க. தோட்டத்துக் கோயில் உடைஞ்சுது, இல்ல ஆகமக் கோயிலா மாறுச்சு. மேளம் மட்டும் பையன்களோட அடுக்குமாடி வீட்டுக்குப் போச்சு. 80-கள்ல, 90-கள்ல உறுமி மேளக் குழுக்கள் ஊருக்கு ஊர் முளைச்சுது, கேசட் வந்துச்சு, குழுப் பேர் போட்ட டீ சட்டை வந்துச்சு. சினிமாப் பாட்டு மெட்டும் உள்ள வந்துச்சு. இது எங்களுக்கும் பிடிக்காது, அதை ஒளிக்கல.

அதோட ரௌடிப் பேரும் வந்துச்சு. 2013-ல உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களோட பட்டியலை வெளியிட்டப்ப அதுல நம்ம பசங்க மாட்டியிருந்த கும்பல் எத்தனைன்னு எல்லாருக்கும் தெரியும். சில ஊர்ல கும்பல் எண் போட்ட கொடியும் சட்டையும் காவடிக் கூட்டத்துக்குள்ள வந்துச்சு. அதனால உறுமின்னாலே கும்பல்னு முத்திரை குத்திட்டாங்க. கீழ ஒரு ஊர்ல, பேர் வேண்டாம், நம்ம பசங்களை வாசல்லயே நிறுத்தி பையை எல்லாம் திறந்து பாத்தாங்க. பைக்குள்ள இருந்தது விபூதியும், அடிக்குச்சியும், ஒரு பொட்டலம் நாசி லெமாக்கும். பதினாலு வயசுப் பையன் ஒருத்தன் அன்னைக்கு அழுதுட்டான். அடுத்த மாசம் அவன் பயிற்சிக்கு வரல. வீட்டுக்குப் போய்ப் பேசி, இப்ப வர்றான்.

சிங்கப்பூர் கதையையும் பாருங்க. அங்க தைப்பூச ஊர்வலத்துல 1973-லேர்ந்து மேளதாளத்துக்குத் தடை. குழுக்களுக்குள்ள சண்டை வந்ததுதான் காரணம்னு சொன்னாங்க. நாப்பது வருஷத்துக்கு மேல காவடி எடுத்தவங்க கைதட்டியும் வாயாலப் பாடியும் நடந்தாங்க. 2015-ல மேளம் தொடர்பா தகராறு ஆகி மூணு பேர் கைதானாங்க. அதுக்கப்புறம் அரசாங்கமும் இந்து அறக்கட்டளை வாரியமும் உட்கார்ந்து பேசி, 2016-ல வழியில மூணு இடத்துல நேரடி இசைக்கு அனுமதி கொடுத்தாங்க. 2019-ல ஊர்வலத்துலயே பாரம்பரியக் கருவிகளை வாசிக்க இடம் கொடுத்தாங்க. அவ்வளவு கண்டிப்பான நாட்டுலயே நிறுத்தி வச்சுப் பாத்து, முடியாம, ஒழுங்கு போட்டு உள்ள விட்டாங்க. நாம அந்த நாப்பது வருஷத்தை இங்க மறுபடி ஓட்டிப் பாக்கணுமா?

இப்ப மேளத்தைப் பத்திக் கொஞ்சம். உறுமிக்கு ரெண்டு முகம், நடுவுல இடுப்பு ஒடுங்கியிருக்கும். ஒரு முகத்துல நேர்க் குச்சியால அடிக்கணும், இன்னொரு முகத்துல வளைஞ்ச குச்சியை வச்சு உரசணும். உரசுற பக்கம் விளக்கெண்ணெய் தடவுவாங்க. அந்த உரசல்லதான் 'உர்ர்ர்'னு உறுமல் வரும், பேரும் அதனாலதான். அடிக்கிறதை ஒரு மாசத்துல பழகிடலாம். உரசுறதுக்கு ஒரு வருஷம் ஆகும். தப்புக்கு மரச் சட்டம், அதுல ஒட்டின தோல். கனமான அடிக்குச்சி ஒரு கையில, மெல்லிசான சுண்டுக்குச்சி இன்னொரு கையில. தோல் விறைப்பா இருக்கணும், இல்லன்னா சத்தம் பொத்துனு விழும். கீழ ஈப்போவுல வெயில்ல வச்சா போதும். நம்ம ஊர் மூடுபனியில தோல் அரை மணி நேரத்துல தொளதொளன்னு ஆயிடும். அதனால நம்ம பசங்க கோயில் பின்னால தகரத்துல நெருப்பு மூட்டி, தப்பைத் திருப்பித் திருப்பிக் காய வைக்கிறாங்க. புகை வருதுன்னு புகார் சொன்னவங்களுக்கு இதுதான் விளக்கம். பைபர் தோல் போட்டா நெருப்பு வேண்டாம், சத்தமும் பெருசா வரும். ஆனா அந்தச் சத்தம் காதைக் கிழிக்கும். ஃபேக்டரியில ரோலர் சத்தத்துக்கே 85 டெசிபல் தாண்டினா காதுக்குப் பஞ்சு கொடுக்கிறோம். பிள்ளைங்களுக்கு அதைவிடக் கூட வேண்டாம்னு நாங்க தோல்லயே நிக்கிறோம்.

ஊர்வலத்துல நடக்கிறதுக்கும் ஒரு கணக்கு உண்டு. உறுமி நடுவுல, அதுதான் வழி காட்டும். தப்பு ரெண்டு பக்கமும், பம்பை பின்னால, ஜால்ரா சின்னப் பிள்ளைங்க கையில. காவடி எடுக்கிறவருக்கு முதுகு காட்டக் கூடாது, பக்கவாட்டுல திரும்பி நடக்கணும். மேட்டுல ஏறும்போது தாளத்தைக் குறைக்கணும். இதை நாங்க அடிச்சுச் சொல்லுவோம். கேமரன் மலையில சமதரை கிடையாது. மேட்டுல வேகமா அடிச்சா காவடி தூக்கினவருக்கு மூச்சு வாங்கும், அருள் வந்தவர் விழுந்துடுவார். எப்ப ஏத்தணும், எப்ப இறக்கணும், எப்ப நிறுத்தணும்னு பாக்கிற கண்ணு வேணும். லாரியில வச்ச ஒலிபெருக்கிக்கு அந்தக் கண்ணு கிடையாது. அது பாட்டுக்குப் பாடிக்கிட்டுப் போகும்.

நம்ம குழுவுல இப்ப ஆம்பளப் பசங்க பதினோரு பேர், பொண்ணுங்க நாலு பேர். படிவம் அஞ்சு முடிச்சதும் ஒவ்வொருத்தரா ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போயிடுவாங்க, அது நல்லதுதான், போகட்டும். ஆனா ஒவ்வொரு ரெண்டு வருஷத்துக்கும் குழுவை மறுபடி அஸ்திவாரத்திலேர்ந்து கட்டணும். தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவங்கள்ல இப்ப பங்களாதேசத்துக்காரங்களும் நேபாளிகளும்தான் அதிகம். லயத்துல நம்ம பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே வருது. கோயிலுக்கு வெள்ளிக்கிழமை வர்றவங்க வயசைப் பாருங்க. சனிக்கிழமை மத்தியானம் வர்ற பதினஞ்சு பிள்ளைங்க மேளத்துக்காகத்தான் வர்றாங்க. வந்த பிறகுதான் தேவாரம் நாலு வரி பாடுறாங்க, அன்னதானத்துக்கு வாழை இலை கழுவுறாங்க. மேளத்தை எடுத்துட்டா அவங்க வேற எங்க போவாங்கன்னு நாங்க பதில் சொல்லத் தேவையில்ல, பெத்தவங்களுக்கே தெரியும்.

நாங்க வச்சிருக்கிற ஒழுங்கையும் சொல்லிடறோம். எண், மிருகப் படம், கறுப்புச் சட்டை கிடையாது, வெள்ளை ஜிப்பாவும் காவித் துண்டும்தான். சாமி ஊர்வலத்துல சினிமா மெட்டு கிடையாது. எஸ்.பி.எம். எழுதுற வருஷம் ஆகஸ்டுக்கு மேல பயிற்சிக்கு வரக் கூடாது, வந்தா திருப்பி அனுப்புவோம். சூராவ்ல தொழுகை நேரம், ஆஸ்பத்திரி வாசல், இந்த ரெண்டு இடத்துலயும் மேளம் மௌனமா நடக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல குச்சியைத் தொடுறதில்ல. குழுவுல யாரு என்ன சாதின்னு கேட்டா, கேட்டவர்தான் வெளிய போகணும்.

நாதஸ்வரத்தை நாங்க எதிர்க்கல. கருவறை தீபாராதனைக்கு நாதஸ்வரமும் தவிலும், வீதியில ரதத்துக்கு முன்னால நம்ம மேளம், இப்படி வச்சா ரெண்டுக்கும் இடம் இருக்கு. கீழ இருந்து நாதஸ்வரக் குழு வர முடியாத மழை நாள்ல அபிஷேகத்துக்கு இந்தப் பசங்கதான் அடிச்சாங்க. அன்னைக்கு யாரும் ஆகாதுன்னு சொல்லல.

கூட்டத்துக்கு வர்றதுக்கு முன்னால ஒரு தடவை பயிற்சியை வந்து பாருங்க. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி, கோயில் பின்பக்கக் கொட்டகை. மழை பெய்ஞ்சாலும் நடக்கும். உறுமி ஒண்ணுக்கு உரசுற பக்கத்துத் தோல் கிழிஞ்சிருக்கு, தப்பு ரெண்டுக்குச் சட்டம் விட்டுப் போச்சு. தோல் வேலை தெரிஞ்சவங்க யாராவது தாப்பா, ஈப்போ பக்கம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, நாங்களே எடுத்துட்டு வர்றோம். காய வைக்கிறதுக்குக் காஞ்ச விறகு இருந்தாலும் கொண்டு வாங்க, நம்ம ஊர்ல அதுதான் கிடைக்க மாட்டேங்குது.